பட்ஜெட்டில் ஒதுக்கிய பாலம் எப்போது பாலமாகும்?

2025 பெப்ரவரி 17ஆம் திகதி வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்பட்டபோது, முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியன் ரூபா என்று ஜனாதிபதி அறிவித்தார். அன்று இரவே மாமா முள்ளிவாய்க்கால் பக்கமிருந்து போன் எடுத்தார். நந்திக்கடல் முகத்துவாரத்தில் கிடக்கும் அந்தப் பழைய, ஒடுங்கிய பாலத்தைத் தாண்டித்தான் அவர் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும். குரலில் அவ்வளவு சந்தோஷம். ஏப்ரலில் மறுபடியும் எடுத்தார்.

"ஆயிரம் மில்லியன் வந்து ரெண்டு மாசமாச்சு தம்பி. இன்னும் ஒரு கல்லும் விழேல்லை. காசு எங்க போச்சு?"

அதே கிழமை வெள்ளவத்தையில் ஒரு தேநீர்க் கடையில் இதே பேச்சு. பக்கத்து மேசையில் இருந்தவர் கையை விரித்தார்: "உதெல்லாம் சும்மா பேச்சு. ஒரு சதமும் ஒதுக்கியிருக்க மாட்டினம்."

மாமா, காசு வந்துவிட்டது, யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தார். கடையில் இருந்தவர், காசு என்ற ஒன்றே இல்லை என்று நினைத்தார். இரண்டு பேரும் நியாயமானவர்கள். இரண்டு பேருக்கும் யாரும் ஒழுங்காக விளக்கிச் சொல்லவில்லை. "சட்டம் வந்துவிட்டது", "நிதி ஒதுக்கியாச்சு", "அபிவிருத்தி வருகிறது" என்ற மூன்றையும் ஒரே அர்த்தத்தில் நாங்கள் பேசிப் பழகிவிட்டோம். ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைத்தான் இங்கே நடந்து பார்க்கப் போகிறோம்.

ஒரு லிஃப்டின் கதை

நான் இருக்கும் தொடர்மாடியில் 28 வீடுகள். சில வருடங்களுக்கு முன் லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகத் தொடங்கியது. ஐந்தாம் மாடி ஆச்சி ஒருமுறை முக்கால் மணி நேரம் உள்ளே அகப்பட்டுக்கொண்டார். ஜனவரியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், புதிய லிஃப்ட் போடுவது என்று எல்லோரும் கை உயர்த்தினோம். இவ்வளவு தொகைக்குள் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தோம். மறுநாள் காலையிலேயே ஆச்சி கேட்டார்: "லிஃப்ட் எப்ப தம்பி வரும்?"

வந்து சேர ஒன்றரை வருடம் எடுத்தது. யாரும் காசைத் தொடவில்லை, யாரும் பொய் சொல்லவும் இல்லை. தீர்மானம் நிறைவேறிய நாளில் கணக்கில் அந்தத் தொகை இருக்கவில்லை. மாதக் கட்டணத்தோடு கூடுதலாக ஒரு பங்கு சேர்த்து வாங்க வேண்டியிருந்தது. சிலர் உடனே கட்டினார்கள், வெளிநாட்டில் இருக்கும் சில சொந்தக்காரர்கள் மாதக்கணக்கில் இழுத்தார்கள். அப்புறம் மூன்று கம்பனிகளிடம் விலை கேட்க வேண்டும். ஒன்றைத் தெரிவு செய்ததும், தெரிவாகாத கம்பனி கடிதம் எழுதியது. கடைசியாக ஒப்பந்தம் போட்டு முற்பணம் கொடுத்த பிறகுதான் சாமான் கப்பலில் ஏறியது.

இதற்கெல்லாம் முன்னால் இன்னொரு படி இருந்தது, அதை நாங்கள் மறந்தே போயிருந்தோம். எங்கள் கட்டடத்துக்கு ஒரு முகாமைத்துவக் குழு சட்டப்படி பதியப்பட்டிருந்தது. அது இல்லாவிட்டால் எங்கள் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க முடியாது, கம்பனியோடு ஒப்பந்தம் போட முடியாது, பங்கு கட்டாதவரிடம் கேட்கவும் முடியாது. பக்கத்துக் கட்டடத்தில் அப்படிப் பதியவில்லை. அங்கே லிஃப்ட் இன்றும் பழையதுதான்.

ஆக, நான்கு கட்டங்கள்: செய்வதற்கு அதிகாரமுள்ள ஓர் அமைப்பு, செலவழிக்க அனுமதி, கையில் காசு, அப்புறம் வேலை. நாடும் இப்படித்தான் நடக்கிறது. தொகையும் ஆட்களின் எண்ணிக்கையும்தான் பெரிது.

சட்டம் ஏன் முன்னால் வருகிறது?

1977இல் கட்டுநாயக்கவில் சர்வதேச விமான நிலையம் இருந்தது. கொழும்பில் நல்ல துறைமுகம் இருந்தது. வேலை தேடும் இளம் ஆட்கள் ஊர் ஊராக இருந்தார்கள். ஆனாலும் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் வந்து குவியவில்லை. வெளிநாட்டிலிருந்து துணி கொண்டுவந்து, இங்கே தைத்து, திருப்பி அனுப்ப நினைக்கும் ஒரு முதலாளிக்கு இறக்குமதி அனுமதி ஓரிடத்தில், சுங்கத் தீர்வை இன்னோரிடத்தில், அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு வேறோரிடத்தில் என்று நின்றன. பாதையும் கட்டடமும் இருந்தும், விதிகள் வழியை மறித்தன.

1978இல் பாராளுமன்றம் பாரிய கொழும்பு பொருளாதார ஆணைக்குழுச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் அது. அந்தச் சட்டம் ஒரு கட்டடமும் கட்டவில்லை. அது ஓர் ஆணைக்குழுவைப் பிறப்பித்தது. வரையறுத்த ஒரு பகுதிக்குள் சுங்கம், வருமான வரி போன்ற சில பொதுச் சட்டங்களிலிருந்து தொழில்களுக்கு விலக்குக் கொடுக்கும் அதிகாரத்தை அதன் கையில் வைத்தது. அந்தப் பகுதிதான் சுதந்திர வர்த்தக வலயம். நாட்டின் பொதுவான வரி, சுங்க விதிகள் தளர்த்தப்பட்டு, ஏற்றுமதிக்கென்று வேலி போட்டுப் பிரித்த நிலம் என்று இதைப் புரிந்துகொண்டால் போதும்.

இனித்தான் அரச நிதி வருகிறது. நிலத்தைச் சீர் செய்வது, உள்வீதி, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் என்று எந்தத் தனி முதலாளியும் முதல் ஆளாகச் செலவழிக்க விரும்பாத வேலைகளை அரசு செய்தது. இவற்றுக்குத்தான் உட்கட்டமைப்பு என்று பெயர்: ஒருவர் கட்டினால் பலர் பயன்படுத்தும், ஆனால் தனியாக நின்று லாபம் தராத அடிப்படை வசதிகள். கட்டுநாயக்க வலயம் அதே 1978இல் திறந்தது. அதன் பின்னர் எண்பதுகளில் பியகம, 1991இல் கொக்கல. 1992இல் சட்டத்தைத் திருத்தி, ஆணைக்குழுவை முதலீட்டுச் சபை என்று மாற்றி, நாடு முழுவதையும் அதன் கைக்குள் கொண்டுவந்தார்கள்.

இதை வெற்றிக் கதையாகச் சொல்லும்போது பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் பணக்கார நாடுகள் ஆடை இறக்குமதிக்கு நாடுவாரியாகக் கோட்டா வைத்திருந்தன. ஹொங்கொங் போன்ற இடங்களில் கோட்டா நிரம்பியதால், நிரம்பாத நாடுகளைத் தேடிக் கம்பனிகள் அலைந்தன. எங்களிடம் கோட்டா மிச்சம் இருந்தது. சட்டம் கதவைத் திறந்து வைத்த நேரத்தில் வெளியே ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அப்படி ஆள் நிற்காத நேரத்தில் இதே சட்டத்தை வேறு எங்கே கொண்டுவந்தாலும் இதே வேகம் கிடைக்காது.

இன்னொன்றையும் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. வலயத்துக்குள் வீதிக்கும் மின்சாரத்துக்கும் திட்டம் இருந்தது. கிராமங்களிலிருந்து வந்த பல்லாயிரம் இளம் பெண்கள் எங்கே தங்குவார்கள் என்பதற்கு அந்த அளவு திட்டம் இருக்கவில்லை. ஒரு சிறிய அறைக்குள் பலர், ஒரு கிணற்றுக்கு முன்னால் விடியற்காலை வரிசை என்று அவர்கள் காலம் கழிந்தது. அவர்களும் உட்கட்டமைப்பின் கணக்கில் வந்திருக்க வேண்டியவர்கள்.

கடலில் எழுந்த நிலத்துக்கு ஒரு சட்டம்

காலிமுகத்திடலில் நின்று வடக்கே பார்த்தால் தெரியும் துறைமுக நகரம் இதே பாடத்தின் இன்றைய பதிப்பு. 2014 செப்டெம்பரில் தொடங்கிய வேலையில் 269 ஹெக்டேயர் கடல் நிரப்பப்பட்டது. மண் கொட்டி முடிந்தபோது விசித்திரமான ஒரு கேள்வி எழுந்தது: இந்த நிலம் எந்த மாவட்டம்? எந்தப் பிரதேச செயலகம்? வரைபடத்தில் அது கடல்தானே. 2019இல் பாராளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றித்தான் அதைக் கொழும்பு மாவட்டத்தோடு சேர்த்தது. இத்தனை பெரிய நிலம்கூடச் சட்டம் பெயர் சொல்லும்வரை நிர்வாகத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்புறம் 2021 மே மாதம் கொழும்புத் துறைமுக நகரப் பொருளாதார ஆணைக்குழுச் சட்டம் வந்தது. சட்டமூலமாக இருந்தபோது அதை எதிர்த்துப் பலர் உயர் நீதிமன்றம் போனார்கள். சட்டமூலம் என்பது பாராளுமன்றம் இன்னும் நிறைவேற்றாத வரைவு. சில பிரிவுகளை அப்படியே நிறைவேற்றுவதானால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும், சிலவற்றுக்கு மக்கள் வாக்கெடுப்பும் வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்தப் பிரிவுகளைத் திருத்தித்தான் நிறைவேற்றினார்கள்.

இந்த இடத்தில் வாசகர் ஒன்றைக் கட்டாயம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இலங்கையில் ஒரு சட்டமூலத்தை அது நிறைவேறுவதற்கு முன்னர்தான் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். சபாநாயகர் சான்றுரைத்துக் கையெழுத்து வைத்த பிறகு, அந்தச் சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. இந்தியாவில் அப்படியில்லை, அங்கே நிறைவேறிய சட்டத்தையும் நீதிமன்றம் தூக்கி எறியலாம். அதனால்தான் அரச அறிவித்தல் ஏடான வர்த்தமானியில் சட்டமூலம் வெளிவந்து, பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படும் அந்தச் சில நாட்கள் எங்களுக்கு இவ்வளவு முக்கியம்.

துறைமுக நகரத்தில் நிலத்தை நிரப்பிய செலவைச் சீனக் கம்பனி போட்டது. அரசு திருப்பிக் கொடுத்தது பணமாக அல்ல. நிலத்தின் ஒரு பகுதியை 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. அத்தோடு, தகுதி பெறும் தொழில்களுக்கு வரி விலக்கு. காசோலை எழுதாவிட்டாலும் இதுவும் அரச செலவுதான். வாங்க வேண்டிய வரியை வாங்காமல் விடுவதற்கு வரிச்செலவு என்று பெயர். கடைக்காரர் ஒருவருக்கு மாதம் 5,000 ரூபா கொடுப்பதும், அவர் தர வேண்டிய 5,000 ரூபா வாடகையை வேண்டாம் என்பதும் உங்கள் பையைப் பொறுத்தவரை ஒன்றுதானே? "அரசாங்கம் ஒரு சதமும் செலவழிக்கவில்லை" என்று யாராவது ஒரு திட்டத்தைப் புகழ்ந்தால், நிலம் எவ்வளவு போனது, வரி எவ்வளவு போனது என்று கேட்டுப் பாருங்கள்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: சட்டம் ஓர் அமைப்பை உருவாக்குகிறது, அதற்கு நிலத்தின் மீதும் விதிகளின் மீதும் அதிகாரம் கொடுக்கிறது. அந்த அதிகாரம் இல்லாமல் காசு இருந்தாலும் வேலை நகராது. ஆனால் சட்டத்தின் உள்ளே காசு இல்லை.

அந்த அதிகாரம் எவ்வளவு ஆழமானது என்பதை எங்கள் வன்னிச் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை. 1979இன் மகாவலி அதிகார சபைச் சட்டத்தின்படி, ஒரு பிரதேசத்தை வர்த்தமானி மூலம் விசேட பிரதேசமாக அறிவித்தால், அங்கே நிலமும் நீரும் குடியேற்றமும் அதிகார சபையின் கைக்குப் போகும். விக்டோரியா, கொத்மலை என்று நாட்டுக்கு மின்சாரம் தரும் அணைகள் அந்தத் திட்டத்தில்தான் எழுந்தன. முப்பது வருட வேலையை ஆறு வருடத்துக்குள் சுருக்கினார்கள். அதே சட்டத்தின் 'எல்' வலயம்தான் மணலாற்றுப் பக்கத்தில் வயலை இழந்தவர்களின் கவலைக்கும் காரணம். அணையைக் கட்டக் கொடுத்த அதிகாரமும் காணியை எடுக்கக் கொடுத்த அதிகாரமும் ஒரே சட்டத்தில் இருந்தன.

ஒதுக்கீடு என்றால் அனுமதி

சரி, இனி மாமாவின் ஆயிரம் மில்லியனுக்கு வருவோம்.

நாட்டின் வரிப் பணம், கட்டணம், கடன் எல்லாம் வந்து சேரும் பொதுக் கணக்குக்குத் திரட்டு நிதியம் என்று பெயர். அரசியலமைப்பின்படி பொது நிதி மீது முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கு. அதன் அனுமதி இல்லாமல் எந்த அமைச்சரும் இந்த நிதியத்தில் கை வைக்க முடியாது. அந்த வருடாந்த அனுமதிதான் ஒதுக்கீட்டுச் சட்டம். இன்ன அமைச்சு, இன்ன வேலைக்கு, இந்தத் தொகை வரை செலவழிக்கலாம் என்று அது சொல்கிறது. "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். அது ஒரு மேல் எல்லை. தந்தே தீருவோம் என்ற உறுதி அதில் இல்லை.

பட்ஜெட் உரை வேறு, ஒதுக்கீட்டுச் சட்டம் வேறு. 2025இல் உரை பெப்ரவரி 17. அதன் பின் இரண்டாம் வாசிப்பு விவாதம், குழுநிலை விவாதம் எல்லாம் நடந்து, மூன்றாம் வாசிப்பு வாக்கெடுப்பில் நிறைவேறியது மார்ச் 21. வழக்கமாக இதெல்லாம் முந்திய வருடத்தின் கார்த்திகை, மார்கழியில் முடிந்துவிடும். 2024இல் ஜனாதிபதித் தேர்தலும் பொதுத் தேர்தலும் வந்ததால் தள்ளிப்போனது. முதல் நான்கு மாதங்களுக்கு இடைக்காலக் கணக்கறிக்கை ஒன்றின் மூலம் நாடு ஓடியது. சம்பளம், ஓய்வூதியம், ஏற்கெனவே நடக்கும் வேலைகள் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு தற்காலிக அனுமதி அது.

அரச செலவு இரண்டு வகை. சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி, ஆஸ்பத்திரி மருந்து என்று வருடாவருடம் திரும்பி வருவது மீண்டெழும் செலவினம். வீதி, பாலம், கட்டடம், இயந்திரம் என்று பல வருடம் நின்று பயன் தருவது மூலதனச் செலவினம். வீட்டில் மீனும் அரிசியும் வாங்குவது முதல் வகை, கூரை மாற்றுவது இரண்டாவது. கை இறுகும் மாதத்தில் எதைத் தள்ளிப்போடுவீர்கள்? கூரையைத்தான். அரசின் காசைக் கையாளும் திறைசேரியும் அதையே செய்கிறது. சம்பளத்தை நிறுத்தினால் அடுத்த நாளே ஊர்வலம். பாலத்தைத் தள்ளினால் மாமா போன் எடுப்பார், அவ்வளவுதான்.

ஒதுக்கீடு நிறைவேறிய பிறகு, வேலை செய்யும் நிறுவனத்துக்குத் திறைசேரி கட்டம் கட்டமாகக் காசை விடுவிக்கும். இதைக் கட்டுநிதி என்பார்கள். அனுமதி 100 ரூபாவுக்கு இருந்தாலும், அந்த வருடத்தில் வரி குறைவாக வந்தால் கட்டுநிதி 60 ரூபாவோடு நின்றுவிடலாம். மறுபக்கம், காசு தயாராக இருந்தும் டெண்டர் முடியாததால் செலவழிக்க முடியாமலும் போகலாம். நிதியாண்டு டிசம்பர் 31உடன் முடியும்போது, பயன்படாத அனுமதியும் பொதுவாக அதோடு செத்துவிடும். அடுத்த வருடம் மறுபடி கேட்க வேண்டும். எங்கள் மூலதன ஒதுக்கீட்டில் ஒரு பகுதி வருடாவருடம் செலவாகாமலே போவதற்கு இதுதான் காரணம். எனக்கு இது ஊழலைவிடக் குறைவான வலி தருவதில்லை. ஊழலுக்காவது ஒரு குற்றவாளி இருப்பார். இங்கே பாலமும் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை.

மீண்டும் சுருக்கமாக: உரை ஓர் அறிவிப்பு. ஒதுக்கீட்டுச் சட்டம் ஓர் அனுமதி. கட்டுநிதிதான் காசு. மாமா கேட்டது அறிவிப்பை, தேடியது காசை.

காசு யாருடையது?

பெரிய வீதிகள் பெரும்பாலும் கடனில் எழுந்தவை. தெற்கு அதிவேக வீதிக்கு ஆசிய அபிவிருத்தி வங்கியும் ஜப்பானும் கடன் கொடுத்தன. 2011 நவம்பரில் காலி வரை திறந்தது. 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேக வீதி சீன வங்கிக் கடன். கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால் மொத்தத் தொகையும் ஒரே நாளில் வராது. வேலை முன்னேற முன்னேறக் கடன் கொடுத்தவர் பங்கு பங்காக விடுவிப்பார்.

அதனால்தான் 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை இலங்கை நிறுத்தியதும், பாதியில் நின்ற தூண்கள் நாடெங்கும் தெரிந்தன. நாங்கள் கட்டுவதை நிறுத்த, அவர்கள் விடுவிப்பதை நிறுத்தினார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தின் புதிய முனைய வேலை அப்படி நின்றது. கடவத்தையிலிருந்து மீரிகம வரையான மத்திய அதிவேக வீதியும் நின்றது.

அந்த நெருக்கடிக்குப் பிறகு, அரசின் கையைக் கட்டும் சட்டங்களும் வந்தன. 2024இன் பொது நிதி முகாமைத்துவச் சட்டம், கடன் வட்டி தவிர்ந்த அரச செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 வீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது நாடு ஒரு வருடத்தில் உருவாக்கும் பொருட்கள், சேவைகள் எல்லாவற்றினதும் பெறுமதி. சம்பளமும் பாலமும் இனி ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டுதான் நிற்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்றே நான் நினைக்கிறேன், 2022இன் வரிசைகளில் நின்றவன் என்ற முறையில். ஆனால் கூரை தாழ்வாக இருக்கும் வீட்டில் முதலில் வெளியே தள்ளப்படுவது மூலதனச் செலவாக இருந்துவிடக் கூடாது.

உங்கள் வீதி யாருடைய வீதி?

இதைச் சிறிதாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஆனால் இது தெரியாமல்தான் பாதி முறைப்பாடுகள் தவறான கதவைத் தட்டுகின்றன. 'ஏ', 'பி' வகை வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. 'சி', 'டி' வகை மாகாணத்துக்கு. அதற்குக் கீழுள்ள ஒழுங்கைகள் பிரதேச சபை, நகர சபை, மாநகர சபைகளுக்கு. வட்டுவாகல் பாலம் பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதியில் இருக்கிறது. அதனால் அது மத்திய அரசின் வேலை.

1987இன் 13ஆம் திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கியதோடு, மாகாணங்களுக்கு மத்திய நிதி எப்படிப் போக வேண்டும் என்று பரிந்துரைக்க நிதி ஆணைக்குழுவையும் உருவாக்கியது. மேல் மாகாணத்துக்குச் சொந்த வருமானம் ஓரளவு உண்டு; வடக்கு, கிழக்கு, ஊவா போன்றவை கொழும்பிலிருந்து வரும் நிதியைத்தான் நம்பியிருக்கின்றன. 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது. அதன் பின்னர் தேர்தல் இல்லை, ஆளுநர்தான் நடத்துகிறார். சட்டம் உருவாக்கிய அமைப்பு ஒன்று ஆட்கள் இல்லாமல் நிற்கிறது. எங்கள் தொடர்மாடிக் குழுவைப் பதிந்துவிட்டு, பல வருடம் கூட்டமே வைக்காமல் விடுவதைப் போன்றது இது.

பாதை போட்டால் தொழிற்சாலை வருமா?

வரும் என்று நம்புவதுதான் மிகப் பெரிய தவறான புரிதல்.

மத்திய அதிவேக வீதியையே பாருங்கள். மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான நடுத்துண்டு 2022 ஜனவரியில் திறந்தது. அதைக் கொழும்புப் பக்கத்தோடு இணைக்க வேண்டிய கடவத்தைத் துண்டு நின்றுபோனது. அருமையான வீதி, ஆனால் அதில் ஏறக் கொழும்புக்காரர் நெரிசலுக்குள்ளால் மீரிகம வரை போக வேண்டும். வீதியின் பயன் அதன் நீளத்தில் இல்லை, அது எதோடு எதை இணைக்கிறது என்பதில் இருக்கிறது. 2013இல் திறந்த மத்தள விமான நிலையத்துக்கும் இதே கதை. ஓடுபாதை இருந்தது, இறங்குவதற்குக் காரணம் இருக்கவில்லை.

மறுபக்கத்தில், எங்கள் ஊர்களில் ஒரு காலத்தில் இருந்தவற்றை நினைத்துப் பாருங்கள். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் காலடியில், துறைமுகமும் ரயிலும் வாசலில். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்கு வேண்டிய உப்பு பக்கத்தில் ஆனையிறவில். வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கு வைக்கோல் சுற்றியுள்ள வயல்களில். அரசு முதல் போட்டது, 1957இன் அரச கைத்தொழில் கூட்டுத்தாபனங்கள் சட்டம் போன்றவை அவற்றுக்கு நிர்வாக உருவம் கொடுத்தன. ஆனால் அவற்றை அந்த இடத்தில் வேர்பிடிக்க வைத்தது மூலப்பொருள், தண்டவாளம், மின்சாரம், தொழில் தெரிந்த ஆட்கள் எல்லாம் ஒன்றாக அமைந்ததுதான். என் பெரியப்பாவின் தலைமுறையில் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை என்றால் சம்பந்தம் பேச வருபவர்கள் தாமாகவே வருவார்கள். 1990இல் போர் காங்கேசன்துறையை நிறுத்தியது. பரந்தனும் போரில் நின்றுபோனது.

இப்போது காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் என்று முதலீட்டு வலயங்கள் பற்றிப் பேச்சு வருகிறது. எனக்கு நம்பிக்கை உண்டு, ஆனால் நான் பார்ப்பது வேலியையும் பெயர்ப்பலகையையும் அல்ல. நிலத்தின் உரிமை தீர்ந்ததா? தண்ணீர் எங்கிருந்து வரும்? குடாநாட்டின் நிலத்தடி நீர் தாங்குமா? கழிவு எங்கே போகும்? பொருளை வாங்கப் போகிறவர் யார்? இவற்றில் ஒன்று குறைந்தாலும் வலயம் புல் முளைத்த மைதானமாகிவிடும்.

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரசுக்குப் பொதுத் தேவைக்காகத் தனியார் காணியை எடுக்கும் அதிகாரம் 1950இன் காணி சுவீகரிப்புச் சட்டத்திலிருந்து வருகிறது. அறிவித்தல் ஒட்டுவது, நில அளவை, ஆட்சேபம் கேட்பது, உரித்தை உறுதிப்படுத்துவது, நட்டஈடு மதிப்பிடுவது என்று அது நீளும். உறுதிகள் போரில் எரிந்துபோன, உரித்தாளர்கள் மூன்று நாடுகளில் சிதறிக் கிடக்கும் இடங்களில் இந்தப் படி மட்டும் வருடங்களை விழுங்கும். எங்கள் பகுதிகளில் திட்டங்கள் தாமதிப்பதற்கு ஆட்கள் பேசாத காரணம் இதுதான்.

மாமாவின் பாலம்

மாமா ஏப்ரலில் போன் எடுத்தபோது ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறி ஒரு மாதம் ஆகியிருக்கவில்லை. அனுமதி பிறந்திருந்தது. அதன் பின்னர் வீதி அபிவிருத்தி அதிகார சபை வரைபடத்தையும் மதிப்பீட்டையும் இறுதியாக்க வேண்டும், விலைமனு கோர வேண்டும், வந்தவற்றை ஒப்பிட வேண்டும், ஒப்பந்தம் போட வேண்டும். இந்தப் பகுதிக்குப் பெறுகை என்று அரசாங்க மொழியில் பெயர். அரச காசில் பொருளோ வேலையோ வாங்குவதற்கான விதிமுறை. எங்கள் லிஃப்டுக்கு மூன்று விலை கேட்டதுதான், பெரிய அளவில். இதை அவசரப்படுத்தினால் தெரிந்த ஆளுக்கே வேலை போகும். இழுத்தால் வருடம் முடிந்துவிடும்.

செப்டெம்பர் 2ஆம் திகதி ஜனாதிபதி வட்டுவாகலுக்கு வந்து வேலையைத் தொடக்கி வைத்தார். உரையிலிருந்து ஆறரை மாதம். இதைத் தாமதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை; இந்த நாட்டில் இது நல்ல வேகம். இனியும் அந்தப் பாலம் ஒவ்வொரு வருடத்தின் ஒதுக்கீட்டிலும் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் கடலைத் தாண்ட வேண்டும்.

இதைப் பார்த்துக்கொள்ள வழியும் உண்டு. வருடாந்த மதிப்பீட்டுப் புத்தகங்களை நிதி அமைச்சு மூன்று மொழிகளிலும் வெளியிடுகிறது. ஒவ்வொரு அமைச்சுக்கும் திணைக்களத்துக்கும் ஒரு செலவுத் தலைப்பு இலக்கம் இருக்கும். அதன் கீழே மூலதனச் செலவு வரியில் முந்திய வருடம் உண்மையில் எவ்வளவு போனது, இந்த வருடம் எவ்வளவுக்கு அனுமதி என்று பக்கம் பக்கமாக நிற்கும். அந்த இரண்டு இலக்கங்களையும் ஒப்பிட்டாலே பாதி விடயம் தெரிந்துவிடும். செலவழித்த பிறகு கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள் வரும். கூட்டுத்தாபனங்கள், அதிகார சபைகள் என்றால் பாராளுமன்றத்தின் கோப் குழுவும், அமைச்சுகள், திணைக்களங்கள் என்றால் பொதுக் கணக்குகள் குழுவும் அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கும்.

இதையெல்லாம் மாமாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனில் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "சரி, அப்ப எங்கட வீட்டு ஒழுங்கை?" என்றார். அது பிரதேச சபையின் ஒழுங்கை. அதன் அடுத்த வருடத்துப் பட்ஜெட்டை வருட முடிவில் சபையிலேயே வைத்து வாக்கெடுப்பார்கள். எந்த நாளில் கூட்டம் என்று கேட்டு, கொப்பி ஒன்றில் எழுதி வைத்திருக்கிறார்.